வேலை இருக்கும்வரை ஷாங்காய்

வேலை விசாவுடன் ஷாங்காயின் புதோங் விமான நிலையத்தில் இறங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு கெடுக்கள் அங்கேயே தொடங்கிவிடும். தங்கும் இடத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும். வதிவிட அனுமதிக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டலில் தங்குகிறவருக்கு முதல் வேலையை வரவேற்பு மேசையில் இருப்பவர்களே முடித்துவிடுவார்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வட்டாரக் காவல் நிலையத்துக்குப் போகவேண்டும். அல்லது இணையத்தில் பதியலாம். மறந்தால் அபராதம். வீடு மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. அரசு குறித்துவைத்திருக்கும் மையத்தில் ஓர் அங்கியை மாட்டிக்கொண்டு அறை அறையாக நகர வேண்டும். ஓர் அறையில் ரத்தம் எடுப்பார்கள். அடுத்ததில் மார்பு எக்ஸ்ரே. பிறகு ஈசிஜி, அல்ட்ராசவுண்ட், கண் பரிசோதனை. எங்கும் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது. சீன நிர்வாகத்தின் வேகம் எப்படிப்பட்டது என்பது பலருக்கும் முதலில் தெரியவருவது இங்கேதான். அதன் பிறகு வேலை அனுமதி, அதைக் காட்டி வதிவிட அனுமதி. பாஸ்போர்ட்டைக் குடிவரவு அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். அது திரும்பி வரும்வரை கையில் ஒரு ரசீது மட்டுமே இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாட்டுக்குள் ரயிலேறலாம், ஓட்டலில் அறை எடுக்கலாம். வெளிநாடு போக முடியாது.

இவ்வளவு தாள்களும் தொங்குவது ஒரே ஆணியில்தான்: வேலை கொடுத்த நிறுவனம். விசாவுக்கான அழைப்பை வாங்குவது அது. வேலை அனுமதி அந்த நிறுவனத்துக்கு, அந்தப் பதவிக்கு மட்டும் தரப்படுகிறது. வார இறுதியில் இன்னொரு இடத்தில் பாடம் நடத்தினாலும் சட்டப்படி அது கள்ள வேலை. பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான்வரை அபராதம். தீவிரமான வழக்கு என்றால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. (ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய்.) வேலை போனால் பழைய நிறுவனம் அனுமதியை ரத்து செய்து, விடுவிப்புச் சான்றும் தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் அடுத்த நிறுவனம் புதிய அனுமதி வாங்குவது பெரும்பாடு. மனக்கசப்போடு பிரிகிற முதலாளி ஒரு தாளைத் தாமதப்படுத்தினால், சம்பளம் மட்டுமல்ல, நகரத்தில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும்.

துபாயையும் சிங்கப்பூரையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. ஆனால் ஷாங்காயில் வெளிநாட்டவர் கூட்டத்தில் கரைந்துவிட முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். ஷாங்காயிலோ 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2.49 கோடி, அதில் வெளிநாட்டவரும் ஹாங்காங், மக்காவ், தைவான்காரர்களும் சேர்ந்தே 1,63,954 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2010இல் இதே கணக்கு 2 லட்சத்துக்கு மேல் இருந்தது. சீனா முழுவதும் வெளிநாட்டவர் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டில் சுமார் 5.9 லட்சத்திலிருந்து 8.5 லட்சமாக உயர்ந்தபோது, அதன் மிகப் பெரிய வணிக நகரில் இறங்கியிருக்கிறது. கூடியவர்களில் பெரும்பகுதி யுன்னான் மாநிலத்தில், மியான்மர், வியட்நாம் எல்லைப்புறத்தில் இருப்பவர்கள். 'எக்ஸ்பாட்' என்றதும் மனத்தில் எழும் கோட்டும் டையும் போட்ட மேலாளர் அவர்களில் இல்லை.

அந்தக் கோட்டு டை மேலாளரின் கதை ஷாங்காயில் பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1943வரை நகரின் மையப்பகுதியை அயல்நாட்டவரே ஆண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தனிப் பகுதி, பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் சேர்ந்து நடத்திய சர்வதேசக் குடியிருப்பு தனி. அங்கே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியவர்களில் பஞ்சாபிலிருந்து அழைத்துவரப்பட்ட சீக்கியக் காவலர்கள் இருந்தார்கள். 1908இல் அவர்களுக்கென்று கட்டிய குருத்வாராவின் கட்டடம் நகரின் வடக்கே இருந்தது. 1949க்குப் பிறகு அந்த உலகம் கலைந்தது. 1950களில் வந்தவர்கள் சோவியத் நிபுணர்கள். அவர்களுக்காக பெய்ஜிங்கில் 1954இல் 'நட்பு ஓட்டல்' கட்டப்பட்டது. இரு நாடுகளும் முறைத்துக்கொண்டதும் 1960 கோடையில் அத்தனை பேரும் திரும்பிப் போனார்கள்.

இன்றைய கதை தொடங்குவது ஒரு காரில். 1984 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் ஷாங்காயில் கூட்டுத் தொழிற்சாலை அமைக்க ஒப்பந்தம் போட்டது. நகருக்கு வெளியே ஆன்திங் என்ற இடத்தில் 'சந்தானா' கார் தயாரானது. ஜெர்மன் தரப்பில் தலைமை ஏற்று வந்தவர்களில் ஒருவரான மார்ட்டின் போஸ்ட், அங்கே கழித்த ஆயிரம் நாளைப் பற்றிப் பின்னாளில் ஒரு நூலே எழுதினார். அப்போது ஷாங்காயில் மெட்ரோ கிடையாது. இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் புதோங், வயலும் கிடங்குமாகக் கிடந்தது. வெளிநாட்டவருக்கென்று தனி நாணயச் சீட்டு, அதைக் கொடுத்துப் பொருள் வாங்கத் தனி 'நட்புக் கடை'. காரில் உள்ளூர்ச் சரக்கு என்றால் டயர், ரேடியோ, ஏரியல் போன்ற சிலவே. மீதியைச் சீனர்கள் செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் அந்த ஜெர்மானியர்களின் வேலை.

கற்றுக்கொடுக்க வந்தவருக்கு ஊதியமும் அதற்கேற்றபடி இருந்தது. சொந்த நாட்டுச் சம்பளம், அதற்குமேல் கஷ்டப்படி, நிறுவனம் கட்டும் வீட்டு வாடகை, ஓட்டுநரோடு கார், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆண்டுதோறும் குடும்பத்தோடு ஊர் போய்வர விமானச் சீட்டு. 1990இல் புதோங்கை வளர்க்கும் திட்டத்தை அரசு அறிவித்த பிறகு வங்கிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் படையெடுத்தன. இந்தச் சலுகைப் பொட்டலமும் அவற்றோடு பரவியது. காற்று மாசு பேச்சாக இருந்த 2014இல், ஜப்பானின் பானசோனிக் தன் நாட்டிலிருந்து சீனாவுக்கு அனுப்பும் ஊழியர்களுக்கு மாசுக்காகவே தனிப் படி தருவதாக அறிவித்தது. சுவாசிப்பதற்கும் படி வாங்கிய காலம் அது. பக்கத்து மேசையில் அதே காற்றை இழுத்துக்கொண்டு இருந்த சீன ஊழியருக்கு அந்தப் படி கிடையாது.

அந்தக் காலம் ஒரே நாளில் முடியவில்லை. கற்றுக்கொண்டவர்கள் வளர்ந்ததுதான் முதல் காரணம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படித்துத் திரும்பிய சீனர்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது, மும்மடங்கு செலவில் வெளிநாட்டிலிருந்து மேலாளரைக் கொண்டுவர எந்த நிதித் துறையும் எளிதில் கையெழுத்துப் போடாது. ஷாங்காயில் டெஸ்லா ஆலையின் கதையைப் பாருங்கள். 2019 ஜனவரியில் அடிக்கல். அந்த ஆண்டு முடிவதற்குள் கார் வெளியே வந்துவிட்டது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் சீனாவில் பிறந்த டாம் ஜூ. 2022 இறுதியில் அவரைத்தான் டெக்ஸஸ் ஆலையைச் சீர்செய்ய நிறுவனம் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டது. ஆன்திங்குக்கு ஜெர்மானியர் போய் நாற்பது ஆண்டுக்குள் நிபுணர் பயணிக்கும் திசை மாறிவிட்டது.

இரண்டாவது அடி, 2022 வசந்தம். கொரோனாவுக்காக மார்ச் 28இல் புதோங்கும் ஏப்ரல் 1இல் நகரின் ஊடே ஓடும் ஆற்றின் மேற்குப் பகுதியும் மூடப்பட்டன. சில நாள் என்று சொன்ன அடைப்பு ஜூன் 1 வரை நீண்டது. கடைகள் இல்லை, வீட்டுக்கு உணவு கொண்டுவரும் பையன்கள் இல்லை. அடுக்ககவாசிகள் வீசாட் செயலியின் குழுக்களில் ஒன்றுகூடி மொத்தமாக முட்டையும் கீரையும் வரவழைத்தார்கள். சீன மொழி வாசிக்கத் தெரியாத வெளிநாட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தயவில் அந்தக் குழுவுக்குள் நுழைந்தார்கள். பல ஆண்டுகள் ஒரே மாடியில் வாழ்ந்து ஒரு வார்த்தை பேசாத அண்டைவீட்டார் அரிசிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டதும் நடந்தது. அடைப்பு முடிந்ததும் ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்கள் பலவும் மூட்டை கட்டின. ஜப்பானியர்கள் மெதுவாகக் குறைந்தார்கள்: சீனாவில் வாழும் ஜப்பானியர் எண்ணிக்கை 2024இல் ஒரு லட்சத்துக்குக் கீழே போனது.

மூன்றாவது அடி விழுந்தது ஆங்கில ஆசிரியர்கள்மேல். சீனப் பெருநகரங்களுக்குப் போன இளம் வெளிநாட்டவர்களில் பெரும் பங்கினர் மாலை நேர ஆங்கில வகுப்புகளில் வேலை பார்த்தவர்கள். 2021 ஜூலையில் பள்ளிப் பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று அரசு ஓர் ஆணை போட்டது. பாடத் தனிப்பயிற்சியில் லாப நோக்கோடு இயங்கக் கூடாது, வார இறுதியில் வகுப்பு கூடாது, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரை வைத்து இணைய வகுப்பு நடத்தக் கூடாது. ஒரு தொழிலே சில மாதத்தில் சுருண்டது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு முன்பே ஒருக்களித்துத்தான் இருந்தது: ஆங்கிலம் கற்பிக்க வேலை அனுமதி பெறுவதற்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் கான்வென்டில் படித்தவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அந்த வரையறைக்குள் வரமாட்டார்.

அப்படியானால் இன்று யார் போக முடியும்? 2017 ஏப்ரலிலிருந்து சீனா வெளிநாட்டுப் பணியாளரை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. சம்பளம், படிப்பு, அனுபவம், வயது, சீன மொழித் தேர்ச்சி, வேலை செய்யப்போகும் ஊர் என ஒவ்வொன்றுக்கும் புள்ளி. 85 எடுத்தால் ஏ, 60 எடுத்தால் பி. வயது 26க்கும் 45க்கும் இடையே இருந்தால் அதற்கான முழுப் புள்ளியும் கிடைக்கும். 60ஐத் தாண்டினால் ஒன்றும் இல்லை. புள்ளிக் கணக்கே வேண்டாம், உள்ளூர்ச் சராசரிச் சம்பளத்தைப்போல் ஆறு மடங்கு வாங்குகிறீர்கள் என்றால் நேரே ஏ. பெரும்பாலோர் வருவது பி பிரிவில்: இளங்கலைப் பட்டம், அது தொடர்பான வேலையில் குறைந்தது இரண்டாண்டு அனுபவம், 60க்குள் வயது, குற்றப்பதிவு இல்லை என்ற சான்று. சி பிரிவுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. கொத்தனாராகவோ ஓட்டுநராகவோ வளைகுடா போவதுபோல் இங்கே போக வழியே இல்லை என்பதை இளைஞர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. முகவர் யாராவது அப்படி ஆசை காட்டினால் அவரை நம்ப வேண்டாம்.

பட்டச் சான்றிதழை உண்மை என்று நிரூபிப்பது தனிப் படலம். 2023 நவம்பரிலிருந்து சீனாவும், ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான 'அப்போஸ்டில்' உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், பல நாட்டினருக்கு ஒரே முத்திரையோடு வேலை முடிகிறது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஆனால் இரு நாடுகளுக்கும் இடையே மட்டும் அது செல்லாது. ஆகவே இந்தியர் பழையபடி தன் மாநிலம், வெளியுறவு அமைச்சகம், சீனத் தூதரகம் என்று படியேறத்தான் வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, இடைவெளி உட்பட அப்படியே வங்கியிலும் கைபேசி இணைப்பிலும் பதிவாக வேண்டும் என்பதும் அங்கே போன பிறகு புரியும். தகப்பன் பெயரையே முதலெழுத்தாகவும் குடும்பப் பெயராகவும் மாற்றி மாற்றி எழுதிப் பழகிய தமிழருக்கு வங்கிக் கவுன்டரில் ஒரு முற்பகல் போய்விடும்.

அதைத் தாண்டிவிட்டால் அன்றாட வாழ்க்கை வழுக்கிக்கொண்டு ஓடும். ஷாங்காய் மெட்ரோவின் நீளம் 800 கிலோமீட்டருக்கு மேல். முதல் ஆறு கிலோமீட்டருக்கு 3 யுவான்தான். தெருமுனையில் வறுத்த கிழங்கு விற்கும் பாட்டியிடம்கூட க்யூஆர் அட்டை இருக்கும். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத வெளிநாட்டவர் இதனால் நெடுநாள் திண்டாடினார்கள். 2023 கோடையிலிருந்து அலிபே, வீசாட் ஆகிய கட்டணச் செயலிகளில் வெளிநாட்டு விசா, மாஸ்டர் அட்டைகளைச் சேர்க்க முடிகிறது. 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதக் கட்டணம். சாப்பாடு, டாக்சி, மின்கட்டணம், மருத்துவமனைச் சீட்டு, ரயில் டிக்கெட் எல்லாம் ஒரே கைபேசிக்குள். அதன் மறுபக்கமும் உண்டு. பேட்டரி தீர்ந்துபோன மனிதர் அந்த ஊரில் பசியோடு நடந்து வீடு திரும்ப வேண்டியதுதான்.

வீட்டு வாடகைக்கு வழக்கமான கணக்கு, ஒரு மாதத் தொகை வைப்பாக, மூன்று மாத வாடகை முன்பணமாக. தரகுக்கூலி தனி. பழைய பிரெஞ்சுப் பகுதியில், இருபுறமும் பிளேன் மரங்கள் கவிந்த தெருக்களில் உள்ள வீடுகளுக்கு வெளிநாட்டவரிடையே தீராத மோகம். அழகான வீடுகள், ஆனால் குழாய் பழசு, சுவர் மெல்லிசு. ஷாங்காயின் குளிரை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சீனாவில் வீடுகளுக்கு அரசே குழாய் வழியே வெப்பம் தருவது சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே மட்டும். 1950களில் கிழித்த கோடு அது. ஷாங்காய் அதற்குத் தெற்கே இருக்கிறது. பெய்ஜிங்கில் வெளியே பனி உறைந்தாலும் வீட்டுக்குள் சட்டையோடு உட்காரலாம். ஜனவரியில் 5 டிகிரியைச் சுற்றி நிற்கும் ஷாங்காயில் வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்ற மனம் வராது. ஜூனில் தொடங்கும் மழைக் காலத்தில் அலமாரிக்குள் தோல் செருப்பு பூசணம் பிடிக்கும். சென்னைக்காரருக்கு இரண்டாவது பழக்கம், முதலாவது தண்டனை.

சைவம் சாப்பிடுகிறவர் பாடு கடினம் என்பது பொதுவாக உண்மை. காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்பு சேரலாம், கேட்டால் 'இறைச்சி இல்லை' என்றே பதில் வரும். இருந்தும் பௌத்த மரபில் வந்த சைவ உணவகங்கள் நகரில் உண்டு. நான்ஜிங் மேற்குச் சாலையின் 'கோங்தேலின்' 1922இலிருந்து நடக்கிறது. சோயாவில் வாத்தையும் நண்டையும் செய்து காட்டுவார்கள். சைவராகப் பிறந்தவருக்கு அந்த வாத்தின் உருவமே கொஞ்சம் சங்கடம் தரலாம்.

இணையம்தான் இந்தியக் குடும்பங்களைச் சரியாகப் படுத்துகிறது. கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் எதுவும் சீனாவில் நேராகத் திறக்காது. அங்கே எல்லோரும் பேசுவது வீசாட்டில். ஆனால் எல்லை மோதலுக்குப் பின் 2020 ஜூன் 29இல் இந்தியா தடைசெய்த 59 சீனச் செயலிகளில் வீசாட்டும் ஒன்று. மகன் கையில் இருப்பது அம்மாவுக்குத் தடை, அம்மா கையில் இருப்பது மகனுக்குத் தடை. இந்திய சிம் கார்டை ரோமிங்கில் வைத்துக்கொண்டால் அதன் வழியே வாட்ஸாப் திறக்கும் என்பதால், பலரும் இரண்டு சிம் போடும் கைபேசியோடு அலைகிறார்கள். தடையைச் சுற்றிப்போக விபிஎன் பயன்படுத்துவது பரவலான பழக்கம். சட்டப்படி அரசு அனுமதித்த இணைப்புகளுக்கு மட்டுமே இடம். பெரிய நிறுவனங்கள் அப்படிப்பட்ட இணைப்பை வாடகைக்கு வாங்கி அலுவலகத்துக்குள் தருகின்றன. ஜிமெயில் பார்க்க அலுவலகத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்கிறவர்களும் உண்டு.

அலுவலகத்தில் முதலில் கற்க வேண்டியது சிவப்பு முத்திரையின் மதிப்பு. நிறுவனத்தின் வட்ட முத்திரை விழாத ஒப்பந்தத்தில் எத்தனை கையெழுத்து இருந்தாலும் யாரும் மதிக்கமாட்டார்கள். ஆர்ம் என்ற சில்லு வடிவமைப்பு நிறுவனத்தின் சீனக் கிளை, 2020 ஜூனில் தன் தலைவர் ஆலன் வூவை நீக்க இயக்குநர் குழுவில் வாக்களித்தது. முத்திரை அவர் கையில் இருந்தது. ஆகவே அவர் நகரவில்லை. 2022வரை அலுவலகத்தை அவரே நடத்தினார். அதைப் படித்த பிறகு பன்னாட்டு நிறுவனங்களின் நிதி மேலாளர்கள் முத்திரைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்திருப்பார்கள்.

வேலை நேரத்தைப் பற்றி வெளியே பிரபலமான எண் 996: காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் ஆறு நாள். அலிபாபாவின் ஜாக் மா 2019இல் அதைப் புகழ்ந்து பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அது சட்டவிரோதம் என்று உச்ச மக்கள் நீதிமன்றமும் தொழில் அமைச்சகமும் 2021 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டன. தொழில்நுட்ப நிறுவனங்களில் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. பன்னாட்டு நிறுவனங்களில் நேரம் இதைவிட மென்மை. ஆனால் வீசாட் குழுவில் இரவு பத்து மணிக்கு மேலாளர் கேட்கும் கேள்விக்குக் காலையில் பதில் சொல்வது சோம்பலாகத் தெரியும்.

விடுமுறை விஷயத்தில் வெளிநாட்டவர் எல்லோரும் ஒரு தடவையாவது தலையைச் சொறிந்திருப்பார்கள். அக்டோபர் தேசிய விடுமுறை ஒரு வாரம் நீளும். ஆனால் அதில் சில நாள் கடன். முன்னும் பின்னும் வரும் ஞாயிறையோ சனியையோ வேலை நாளாக்கி அந்தக் கடனை அடைக்க வேண்டும். 2025இல் அக்டோபர் 1 முதல் 8 வரை விடுமுறை. அதற்கு ஈடாக செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் அலுவலகம். சட்டப்படி ஆண்டு விடுப்பு, பத்தாண்டுக்கும் குறைந்த பணிக்காலம் உள்ளவருக்கு ஐந்தே நாள். ஒப்பந்தத்தில் கூடுதலாகக் கேட்டு வாங்கவேண்டியது அவரவர் சாமர்த்தியம். பொங்கலும் தீபாவளியும் அந்தக் காலண்டரில் வெறும் தேதிகள்.

வருமானத்துக்கு வரி 3 முதல் 45 சதவீதம்வரை ஏறும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, மொழி வகுப்பு, ஊர் போய்வரும் செலவு ஆகியவற்றை நிறுவனம் தந்தால், அரசு முத்திரையிட்ட ரசீது காட்டி வெளிநாட்டவர் அவற்றுக்கு வரிவிலக்குப் பெறலாம். இந்தச் சலுகை 2021 முடிவில் போயிருக்க வேண்டியது. இரண்டு தடவை நீட்டி இப்போது 2027 இறுதிவரை தள்ளிவைத்திருக்கிறார்கள். சர்வதேசப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் யுவானைத் தாண்டும், பெரிய பள்ளி என்றால் 3 லட்சம். இந்திய மதிப்பில் முப்பது லட்சத்துக்கு மேல். இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்குச் சலுகை நின்றால் வேலையே நின்றதுபோல்தான். குடும்ப விசாவில் வரும் கணவனோ மனைவியோ தனியாக வேலை அனுமதி வாங்காமல் சம்பாதிக்க முடியாது. ஊரில் வங்கியிலோ கல்லூரியிலோ வேலை பார்த்த பெண் ஒருத்தி ஷாங்காய் அடுக்ககத்தின் பதினெட்டாவது மாடியில் வெறுமனே உட்கார்ந்திருப்பது இந்தக் கணக்குகளில் எங்கும் ஏறுவதில்லை. பல ஒப்பந்தங்கள் பாதியில் முறிவது அங்கேதான்.

இன்னொரு வரி விதியும் உண்டு, கொஞ்சம் விசித்திரமானது. ஆண்டுக்குக் குறைந்தது 183 நாள் சீனாவில் தங்கி, இப்படியே தொடர்ச்சியாக ஆறு ஆண்டு கழித்தவரின் உலக வருமானம் முழுவதுக்கும் ஏழாம் ஆண்டிலிருந்து சீனா வரி கேட்கும். கணக்கு 2019இல் தொடங்கியது. இடையில் ஒரே தடவையாக 30 நாளுக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். 2024இல் பல வெளிநாட்டு மேலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனதற்கு இதுவும் காரணம்.

சட்டத்தின் கூரான முனைகளையும் சொல்ல வேண்டும். தீராத உரிமையியல் வழக்கில் சிக்கிய வெளிநாட்டவர் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாம். தொழிலாளருக்குக் கூலி பாக்கி வைத்தவரையும் நிறுத்தலாம். நிறுவனத்தின் சட்டப் பிரதிநிதி என்று தன் பெயரைப் போட ஒப்புக்கொள்வதற்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது இதனால்தான் கட்டாயம். 2023 ஜூலை 1இல் அமலான திருத்தப்பட்ட உளவுத் தடுப்புச் சட்டம், 'தேசப் பாதுகாப்பு, நலன் தொடர்பான' ஆவணங்கள், தரவுகள் என்று வலையை அகல விரித்தது. அதே ஆண்டு மார்ச்சில் பெய்ஜிங்கில் கைதான ஜப்பானிய மருந்து நிறுவன ஊழியர் ஒருவருக்கு 2025 ஜூலையில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சந்தை ஆய்வு, ஆலோசனை போன்ற தொழில்களில் இருப்பவர்கள் அதன் பிறகு ஒவ்வொரு கோப்பையும் இருமுறை யோசித்தே திறக்கிறார்கள். தெருவில் திருட்டுக்கு அஞ்ச வேண்டாம், நள்ளிரவில் பெண்கள் தனியே நடக்கலாம் என்று இதே ஊரைப் பற்றி இதே வெளிநாட்டவர் மனமாரச் சொல்வதும் உண்மை.

தமிழருக்குச் சீனாவோடு தொழில் உறவு புதிதல்ல. ஃபூஜியான் மாநிலத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்வது. நம் காலத்தில் சம்பளத்துக்குப் போனவர்களில் தனி வகையினர், பெய்ஜிங்கில் சீன வானொலியின் தமிழ்ப் பிரிவில் நிபுணராக வேலை பார்த்த தமிழர்கள். 1963 ஆகஸ்ட் 1இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீன அறிவிப்பாளர்களின் பேச்சை அவர்கள் திருத்தித் தந்தார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நேயர் மன்றத்தார் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். ஷாங்காய்ப் பக்கம் போனவர்கள் பெரும்பாலும் பொறியாளர்களும் கணினிக்காரர்களும். சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 2000களின் முற்பகுதியில் ஷாங்காய்க்குத் தெற்கே செஜியாங் மாநிலத்தில் ஆலை தொடங்கியது. டிசிஎஸ், இன்ஃபோசிஸ் கிளைகளும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தன. அதே மாநிலத்தின் ஈவூ மொத்தச் சந்தையிலும் கெச்சியாவ் துணிச் சந்தையிலும் இந்திய வியாபாரிகள் நிறையப் பேர் சரக்கு பிடித்து அனுப்புகிறார்கள். அவர்கள் யாருடைய சம்பளத்துக்கும் காத்திருப்பவர்கள் இல்லை.

2020இல் இவர்களில் ஊருக்கு வந்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு மார்ச் 28இல், வதிவிட அனுமதி கையில் இருந்தவர்களையும் சேர்த்து, வெளிநாட்டவருக்குச் சீனா கதவை மூடியது. வீடும் வங்கிக் கணக்கும் பிள்ளையின் பள்ளிப் புத்தகமும் அங்கே, ஆட்கள் இங்கே. நேரடி விமானங்கள் நின்றவை நின்றவைதான். கொரோனா ஓய்ந்த பிறகும் அவை தொடங்கவில்லை; மொத்தம் ஐந்தாண்டுக்கு மேல் அந்த நிலை நீடித்தது. போகிறவர்கள் சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் வழியே சுற்றிப் போனார்கள். 2025 அக்டோபர் 26இல் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு இண்டிகோ விமானம் கிளம்பியது. நவம்பரில் ஷாங்காய் – டெல்லி சேவையும் திரும்ப வந்தது.

அதே அக்டோபர் 1இல் சீனா 'கே விசா' என்ற புதுவகையைத் தொடங்கியிருந்தது. அறிவியல், தொழில்நுட்பம் படித்த இளம் வெளிநாட்டவருக்கானது. உள்ளூர் நிறுவனத்தின் அழைப்பு முன்கூட்டியே தேவையில்லை என்பது அதில் புதுமை. அறிவிப்பு வந்ததும் சீனச் சமூக ஊடகங்களில் கோபம் பொங்கியது. நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, இந்தியர்களை ஏன் வரவழைக்கிறீர்கள் என்று பெயர் சொல்லியே கேட்டார்கள். 2025 ஆகஸ்டில், மாணவர்களை நீக்கிக் கணக்கிட்டால், 16 முதல் 24 வயதுவரை உள்ளவர்களில் வேலையின்மை 18.9 சதவீதம். அந்தக் கோடையில் மட்டும் சீனக் கல்லூரிகளிலிருந்து 1.22 கோடிப் பேர் பட்டத்தோடு வெளியே வந்திருந்தார்கள்.